ஆபீஸ் கீரை

இந்த வருடம் களப்பணிக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

பயிற்சியின் கடைசி நாளில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வந்தேன், பேசினேன், நீங்களும் கைதட்டினீர்கள். திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தென்னூர் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அன்று நான் பேசியதெல்லாம் முப்பது வருடமாக மேடைக்கு மேடை சொல்லி நைந்துபோன பேச்சு. வீட்டுக்கு வீடு தோட்டம், தோட்டத்தில் பத்து வகைக் காய், அப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் சீக்கு வராது. பாதி உண்மையை முழு உண்மை மாதிரி சொல்ல எனக்கு நல்ல பழக்கம்.

நான் பேசும்போது என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்ததே, அதைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். புடலைப் பந்தலின் கீழே ஒரு கர்ப்பிணிப் பெண். இடுப்பில் அணைத்த முறம் நிறையக் காயும் கீரையும். இடது கை பந்தல் கழியைப் பிடித்திருக்கிறது. "போஸ் கொடுக்காம எவ்ளோ இயல்பா நிக்கிறாங்க பாருங்க மேடம்" என்று டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். அந்தக் கை ஏன் அந்தக் கழியைப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அங்கே சொல்லத் துணிவு வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அவள் பெயர் வளர்மதி. படத்தின் கீழே 'திட்டப் பயனாளி' என்றுதான் போட்டிருக்கிறது. முக்கொம்புக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்து ஊர். நிலம் கிடையாது. வீடும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லையும்தான் சொத்து. கணவர் செல்வம் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். விடியற்காலையில் போனால் மதியம் திரும்புவார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. நான் சொல்லப் போகும் சமயத்தில் இரண்டாவது குழந்தை வயிற்றில். நான் ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது.

எங்கள் திட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. விதை, நாற்று, பந்தலுக்குச் சவுக்குக் கழி, கம்பி எல்லாம் நாங்கள் கொடுப்போம். வீட்டுப் பெண் கொல்லையில் பயிர் செய்ய வேண்டும். அவளும் பிள்ளைகளும் அதைச் சாப்பிட்டு உடம்பு தேற வேண்டும். அந்த ஊரில் நிறைய வீட்டுக்குக் கொடுத்தோம். சில வீட்டில் ஆடு மேய்ந்தது, சில வீட்டில் விதை பானையிலேயே இருந்தது. வளர்மதி கையில் மட்டும் ஏதோ ராசி. இரண்டே மாதத்தில் அரைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, வெண்டை, அவரை, பந்தலில் புடலையும் சுரையும், மூலையில் ஏற்கெனவே நின்ற பப்பாளி என்று கொல்லையே தெரியாமல் மூடிக்கொண்டது. பார்த்தவுடனேயே எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. 'இதுதான் நம்ம மாதிரித் தோட்டம்' என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமைதோறும் போய் போனில் படம் எடுத்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். ஒரு சனிக்கிழமை நான் போவதற்கு முன்பே அவள் கீரையை அறுத்துவிட்டாள். வெண்டையும் பறித்தாகிவிட்டது. அப்படியே படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் எங்கள் மேலதிகாரி போன் செய்து, என்ன மேடம், மொட்டையடித்த மாதிரி இருக்கிறதே, இந்த வாரம் விளைச்சல் இல்லையா என்று கேட்டார். வேறு யாராவதாக இருந்தால், 'சார், அறுத்து சாப்பிடத்தானே கீரை' என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. வளர்மதியைக் கூப்பிட்டு, இனிமேல் நான் வந்து படம் எடுக்கும்வரை பறிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். விதை எங்களுடையது, கழி எங்களுடையது, கம்பி எங்களுடையது. வேறு என்ன சொல்வாள்?

அப்போதும் பெரிய கேடு எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மதியம் படம் எடுத்தபின் பறித்துக்கொள்ளட்டுமே. ஆனால் படம் எடுத்து முடித்ததும் நடப்பது வேறு. வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. இளசாகப் பார்த்து ஒரு கட்டுக் கீரை, நாலு புடலை, ஒரு பப்பாளி எல்லாம் மஞ்சள் பையில் போட்டு நீட்டுவாள். நான் வேண்டாம் என்பேன். அவள் மறுபடி நீட்டுவாள். மூன்றாவது தடவை பை என் வண்டியில் தொங்கும். அடுத்த சனிக்கிழமைப் படத்துக்குத் தோட்டம் நிறைந்து நிற்க வேண்டுமே என்று மீதியில் அவள் கை வைக்கமாட்டாள். அந்த வருடம் தென்னூரில் எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் கீரை. எனக்கு வருடாந்திரப் பரிசோதனை செய்த டாக்டர், இந்த வயசுக்கு ரத்தம் ரொம்ப நன்றாக இருக்கிறது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். எங்கள் திட்டத்தால் ஒரு குடும்பத்தின் உடம்பு தேறியது உண்மைதான். அது என் குடும்பம்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. எங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் நேரில் வருகிறார்களாம். திட்டம் நீடிக்குமா, மூடுவார்களா என்பது அந்த வருகையில்தான் இருக்கிறது. என் கீழே பதினோரு களப்பணியாளர்கள். அதில் பாதிப்பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். எந்தத் தோட்டத்தைக் காட்டுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. நான் வளர்மதியிடம் போய், அடுத்த வாரம் வருகிறார்கள், அதுவரை எதையும் தொடாதே என்றேன்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அவர்கள் ஊரில் மழை என்றார்கள். அதற்கடுத்த தேதியும் தள்ளிப்போனது. மூன்றாவது தேதியும் போனது. ஒவ்வொரு தடவையும் நான் போய், இன்னும் ஒரே வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரியும், அரைக்கீரையை அறுக்காமல் விட்டால் முற்றிவிடும், பூத்துவிடும். அதைப் பார்க்க நன்றாக இருக்காதே என்று, முற்றியதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைக்கச் சொன்னேன். பிடுங்கியதைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. கோடை என்பதால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஆறு மாத வயிற்றோடு அவள் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தப் பந்தலில் தொங்கியது நிஜமான சுரைக்காய். அதுவும் கறிக்கு உதவவில்லை.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். செல்வம் மார்க்கெட்டில் வேலை முடிந்து வரும்போது, விலைபோகாமல் ஒதுக்கிப் போட்டதைப் பொறுக்கி வருவார். அடிபட்ட தக்காளி, வாடின தண்டுக்கீரை, நுனி அழுகின கத்தரிக்காய். கொல்லையில் பச்சைப்பசேலென்று கீரை நிற்க, வாடின கீரை ஊரைத் தாண்டி பஸ்ஸில் வந்து அந்த வீட்டில் வெந்தது. அதிலும் கணவருக்கும் குழந்தைக்கும் வைத்தது போக மிச்சம் இருந்தால்தான் அவளுக்கு. பெரும்பாலும் ரசம் சோறுதான். எங்கள் படிவத்தில் 'நேற்று வீட்டில் கீரை சமைத்தீர்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. கேட்பேன். ஆமாம் என்பாள். டிக் அடிப்பேன். எங்கேயிருந்து வந்த கீரை, யார் சாப்பிட்ட கீரை என்று படிவமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் நான் கொல்லையில் நின்றிருக்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட்டாக ஒரு கீரையைக் கிள்ளியது. வளர்மதியின் மகள் ஓடிவந்து அதன் கையைத் தட்டிவிட்டாள். "அது ஆபீஸ் கீரை. தொட்டா மேடம் திட்டுவாங்க" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இன்றைக்கு என்னிடம் அதைப் பற்றி யாராவது கேட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அந்த ஊருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முகத்துக்கு நேரே பேசுகிற ரகம். ஒரு நாள் வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி, "மேடம், உங்க தோட்டத்துல ரத்தம் நல்லா ஓடுது. அவளுக்குத்தான் இல்ல. வெளுத்துக்கிட்டே போறா. மாத்திர குடுத்தா குமட்டுதுன்னு வச்சிடுறா. சாப்பாட்டையாவது பாருங்க" என்றார். பார்க்கிறேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அன்று நான் பார்க்கப் போனது புதிதாக விதைத்த கீரை முளைத்துவிட்டதா என்று.

கடைசியில் ஒரு புதன்கிழமை வருகிறார்கள் என்று உறுதியானது. பதினொரு மணிக்கு ஊரில் இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸ் ஜீப்பில் ஏறும்போது செவிலியரின் போன் வந்தது. அவர் குரலில் கோபம் இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், நேத்து வளர்மதிக்கு ரத்தம் பாத்தேன். ஏழுக்குக் கீழ போயிடுச்சு. மூச்சு வாங்குது. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். போகல. இன்னிக்கு ஆபீஸ்லேருந்து வராங்களாம், மேடத்துக்கு வாக்குக் குடுத்துட்டாளாம். எனக்கு இன்னிக்குத் தடுப்பூசி நாள், நகர முடியாது. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா கிளம்பிடுவா."

ஒரு வார்த்தை. அதைத்தான் என்னிடம் கேட்டார். நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்குப் பயிற்சியில் நிறையச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது மூளையில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். பதினோரு பேரின் வேலை ஓடியது. மேலதிகாரியின் முகம் ஓடியது. வளர்மதி இல்லாமல் வெறும் தோட்டத்தைக் காட்டினால் நன்றாக இருக்குமா என்பது ஓடியது. அவள் மூச்சு வாங்குவது எங்கோ கடைசியில் நின்றது. "பன்னெண்டு மணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன் சிஸ்டர். நாலு மணி நேரம்தானே" என்றேன். அவர் "பன்னெண்டா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நான் போனபோது வளர்மதி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, வாசலில் கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். செல்வம் அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. பதினொரு மணி ஆனது. வருகிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவதாகவும், வரிசை நீளம் என்பதால் கொஞ்சம் தாமதமாகும் என்றும் செய்தி வந்தது. பதினொன்றரைக்கு இன்னொரு செய்தி: இன்னும் கோயிலில்தான். பன்னிரண்டுக்கு: அம்மா மண்டபத்தைத் தாண்டிவிட்டோம். ஒவ்வொரு செய்தி வரும்போதும் நான் வளர்மதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆபீஸ் வண்டி வாசலிலேயே நின்றது. பெரிய தப்பை ஒரே தடவையாக யாரும் செய்வதில்லை. கால் மணிக்கு ஒரு தடவை, 'இவ்வளவு நேரம் பொறுத்தாயிற்றே' என்று சொல்லிச் சொல்லித்தான் செய்கிறோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தலைப் பார்த்து அசந்து போனார்கள். ஒருவர் வளர்மதியிடம், இதையெல்லாம் நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு "ஆமாங்க" என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'தினமும்' என்று ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்துக்கொண்டேன். யாரும் என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. முறத்தைக் கையில் கொடுத்துப் பந்தலின் கீழ் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். கண் இருட்டியிருக்கிறது, இடது கையால் கழியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எடுத்ததுதான் உங்கள் சுவரில் இருக்கும் படம்.

அவர்கள் ஆளுக்கொரு பையோடு காரில் ஏறிப்போன பிறகு அவள் கீரைப் பாத்தியின் வரப்பிலேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. செல்வம் மூட்டை தூக்கிய தோளில் அவளைத் தூக்கிவந்து ஆபீஸ் வண்டியில் படுக்க வைத்தார். குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டும்போது அவர் என்னிடம், குற்றம் சாட்டுகிற குரலில்கூட இல்லை, "காலையிலேயே போயிருக்கலாங்க மேடம்" என்றார்.

பதற வேண்டாம், சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஏற்றினார்கள். மூன்று வாரத்தில் குறைமாதத்தில் ஒரு பையன் பிறந்தான். இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் நிறைய நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பில் அவன்தான் எல்லோரிலும் குள்ளம். கீரை சாப்பிட்டிருந்தால் மட்டும் அவள் உடம்பில் ரத்தம் ஊறியிருக்குமா மேடம் என்று ஒரு சக ஊழியர் பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். ஊறாமலும் இருந்திருக்கலாம். அந்த ஆறுதலை நான் ஏற்றுக்கொள்வதாக இல்லை. அவள் வீட்டுக் கீரையை அவளிடமிருந்து பூட்டி வைத்தது நான். சாவியே இல்லாமல் பூட்டினேன்.

திட்டம் நீடித்தது. எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அறிக்கையில் அந்தப் புதன்கிழமையைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. அப்புறம் நான் சத்தமில்லாமல் ஒன்று செய்தேன். சனிக்கிழமைப் படத்தை நிறுத்தினேன். என் ஆட்களிடம், மொட்டையாக இருக்கிற தோட்டத்தைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், நிறைந்து நிற்பதைக் கண்டால் வீட்டுக்குள்ளே போய் என்ன சங்கதி என்று விசாரியுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அனுபவம் என்று சொல்லி மழுப்பினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன், மழுப்பாமல்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மடித்தால் பழைய குணம் போகவில்லை என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் மாலை பார்வை நேரத்தில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் பாடம் செய்துகொண்டே போனேன். 'என்னை மன்னிச்சிடும்மா' என்பதுதான் முதல் வரி. வளர்மதி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் தடுத்தேன்.

"அவங்களுக்கெல்லாம் புடிச்சிருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள்.

"ரொம்பப் புடிச்சிருந்துச்சும்மா."

அவள் முகம் தெளிந்தது. கொஞ்சம் தயங்கினாள். கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இனிமே நாங்க பறிச்சுக்கலாங்களா?" என்றாள்.

பாடம் செய்து வைத்திருந்த வரி தொண்டைவரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"பறிச்சுக்கோம்மா" என்றேன்.

மன்னிப்புக் கேட்கப் போனவள் அனுமதி கொடுத்துவிட்டு வந்தேன். "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று அவள் சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.